ஓரிரு இடங்களில் மழை: சித்திரையில் ஓர் உள்மாவட்டப் பயணம்

ஏப்ரல் 22 (சித்திரை 9), வேலூர்

சித்திரை பிறந்ததும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இடம்பெறத் தொடங்கிவிடும். உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கக்கூடும் என்பது ஒன்று. ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்பது மற்றொன்று. சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இவை தொடர்பற்ற இரண்டு தகவல்களாகவே தெரியும். அந்த வெயிலும் அந்த மழையும் இறங்கும் ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இவ்வாண்டு வேலூர், சேலம், ஏற்காடு, பவானி, கரூர், தொட்டியம் என்று வழியை வகுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கியபோது மணி பத்தரைதான் ஆகியிருந்தது. அதற்குள் நடைமேடையின் கூரை முடியும் இடத்தில் தரை கண்ணைக் கூசவைத்தது. சென்னை வெயிலுக்கும் இந்த வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோல் உடனே அறிந்துகொள்கிறது. சென்னையில் வியர்வை உலராமல் சட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் நண்பகலையொட்டிக் கடற்காற்று கரையேறிவிட்டால் வெப்பம் பெரும்பாலும் அதற்குமேல் ஏறாது. அந்தக் காற்று தாமதமாகும் நாளில்தான் நகரம் தவிக்கும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதை இன்றும் நினைவுகூர்பவர்கள் இருக்கிறார்கள். வேலூருக்குக் கடற்காற்று பொழுது சாய்ந்த பிறகு வந்தால் உண்டு. சுற்றிலும் மரமற்ற பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அவை இரவில் திருப்பிக் கொடுக்கின்றன.

பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையோரத்தில் வேப்பமரத்தடியில் கூழ்க் கடை வைத்திருந்த அம்மையார், நான் குடையைச் சரிசெய்துகொண்டு நின்றதைப் பார்த்து, "வெயில்ல நிக்காத தம்பி, இப்படி நிழலுக்கு வா" என்று அழைத்து, கேட்காமலேயே முதலில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்தார். அதன் பிறகுதான் கூழ் வேண்டுமா என்று கேட்டார். கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு 25 ரூபாய். மோர் கலந்து, நறுக்கிய சின்ன வெங்காயம் தூவி, தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும் வைத்தார். ஆட்டோ ஓட்டுநர்களும், வங்கி ஊழியர் ஒருவரும், பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகளும் வரிசையில் நின்று குடித்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விற்பனை குறைந்துவிடும் என்றும், அந்த நேரத்தில் தாகம் எடுத்தாலும் வெளியே வர ஆள் இருக்காது என்றும் அவர் சொன்னார்.

வெப்பநிலை என்று நாம் செய்தியில் கேட்கும் எண், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்று நுழையும் தட்டிகள் கொண்ட வெள்ளை நிற மரப்பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவது. பல ஊர்களின் வெப்பத்தை ஒப்பிடுவதற்கு அந்த முறைதான் சரி. ஆனால் தார்ச்சாலையின் மேல் நிற்பவருக்கும், தகரக் கூரையின் கீழ் வேலை செய்பவருக்கும் அந்த எண் பொருந்தாது. மாலை நான்கு மணிக்குக் கோட்டையின் அகழி ஓரமாக நடந்தபோது மதிலின் கருங்கல்லில் உள்ளங்கையை ஊன்ற முடியவில்லை. இரவு விடுதி அறையில் மின்விசிறி சுழன்ற வேகத்துக்கெல்லாம் சுடுகாற்றுதான் வந்தது. பதினொரு மணிக்கு மின்னழுத்தம் குறைந்து குளிர்சாதனம் நின்றுபோனதால், அந்த மாடியில் தங்கியிருந்தவர்கள் பலரும் பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டோம். முன்பின் அறியாத குடும்பத்தினர் தங்கள் தண்ணீர்க் குடத்தை நடுவில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தார்கள்.

ஏப்ரல் 23, சேலம்

ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் வானத்தின் நிறம் மாறியிருந்தது. வேலூரில் வெளுத்துக் கிடந்த வானம் இங்கே தெளிந்த நீலமாக இருந்தது. நண்பகலுக்குள் மேற்கே மலைகளின் தலைமேல் பஞ்சுப்பொதி போன்ற சிறு மேகங்கள் எழத் தொடங்கின. எதிரில் அமர்ந்திருந்த மாங்காய் வியாபாரி அவற்றைக் காட்டி, இவை மூன்று மணிக்குள் நிமிர்ந்து வளர்ந்தால் மழை உண்டு, பரந்து கலைந்துவிட்டால் இல்லை என்றார். அவர் கண்ணால் படித்ததைத்தான் வானிலையாளர்கள் வேறு சொற்களில் விளக்குகிறார்கள். வங்கக் கடலிலிருந்து தாழ்ந்த உயரத்தில் வரும் ஈரக் காற்றும், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் கோடு ஒன்று, இந்தப் பருவத்தில் பல நாட்களில் விதர்பாவிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தமிழகம் வரை நீண்டு கிடக்கும். அறிக்கைகளில் 'காற்றின் திசை மாறுபடும் பகுதி' என்று வருவது இதுதான். நிலம் சூடேறச் சூடேற அந்தக் கோட்டை ஒட்டிய ஈரக் காற்று மேலெழுந்து, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு இடிமேகமாக நிமிர்கிறது. மலைச்சரிவுகள் அந்த எழுச்சிக்குத் துணைசெய்வதால் சேர்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவாரங்களுக்கு மழை முதலில் கிடைக்கிறது. ஆகவே, கோடை மழை வெயிலுக்கு எதிரி என்று நினைப்பது தவறு. அது அன்றைய பகல் வெயிலின் பிள்ளை.

மாம்பழம் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. இமாம் பசந்த் கிலோ 180 ரூபாய் சொன்னார்கள். பெங்களூரா இன்னும் காயாகவே இருந்தது. வியாபாரியின் கவலை விலையைப் பற்றியது அன்று. சித்திரை மழையோடு வரும் காற்று, முற்றாத காய்களை ஒரே மாலையில் உதிர்த்துவிடும்; உதிர்ந்த காய் ஊறுகாய்க்குத்தான் போகும். ஆனால் மழையே இல்லாமல் போனாலும் காய் பருக்காது. காற்றில்லாத மழையாக இரண்டு நாள் பெய்தால் போதும் என்பது அவருடைய வேண்டுதல்.

மாலை ஐந்து மணிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன். பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்டினியும் வைத்து அடுக்கிய தட்டுவடை, ஒரு செட் 30 ரூபாய். வடக்கே வானம் மைக்கருப்பாகி, இடிச்சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கடைக்காரர் பெட்டிகளை உள்ளே இழுத்துவைத்தார். குளிர்ந்த காற்று மட்டும் புழுதியோடு வந்து போயிற்று, மழை வரவில்லை. அரை மணி கழித்து அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஒருவர் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். அங்கே சாலையில் முழங்காலளவு நீர் ஓடுவதாகவும், தெருவோரப் பூக்கடை ஒன்று சரிந்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டு இடங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தொலைவு.

இந்த இடத்தில் 'ஓரிரு இடங்களில்' என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்கு அளவு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்றால் அது ஓரிரு இடங்கள். பாதி வரை என்றால் சில இடங்கள். அதற்கும் மேல் முக்கால் பங்கு வரை என்றால் பல இடங்கள். மழையின் அளவுக்கும் இப்படியே வரம்பு உண்டு. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் கனமழை. ஆகவே அறிக்கையைப் படித்துவிட்டு 'எங்கள் தெருவில் பெய்யவில்லையே' என்று குறைகூறுவது சரியன்று. நான்கில் மூன்று பங்கு இடங்களாவது நனையாது என்பதையும் அதே சொல் சேர்த்தே சொல்லியிருக்கிறது. எந்தத் தெரு என்பதைச் சொல்ல, மேகம் உருவான பிறகு ரேடார் பார்த்துத் தரும் மூன்று மணி நேர முன்னறிவிப்பால்தான் ஓரளவு முடியும்.

ஏப்ரல் 24, ஏற்காடு

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடக்கும் முன்பே காற்று மாறிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் சேலத்தைவிடப் பத்து டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் இங்குள்ளவர்கள் இதையும் வெயில் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெப்ப அலைக்கான வரையறையிலேயே சமவெளிக்கு 40, கடற்கரைக்கு 37, மலைக்கு 30 டிகிரி என்று தனித்தனி எல்லைகள் உள்ளன.

எட்டு ஒன்பது நாட்களுக்கு முன்பு இங்கே நல்ல மழை பெய்திருக்கிறது. காபித் தோட்டக்காரர்கள் அதைப் பூ மழை என்கிறார்கள். மொட்டு கட்டிக் காத்திருக்கும் அராபிகா செடிகளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குல மழை கிடைத்துவிட்டால், ஒரு வாரம் பத்து நாட்களில் மலைச்சரிவு முழுவதும் ஒரே வேளையில் பூத்துவிடும். என் அதிர்ஷ்டம், அந்த நாளில் அங்கே இருந்தேன். கிளைகளின் ஒவ்வொரு கணுவிலும் வெண்பூக்கள் நெருக்கமாக அப்பியிருந்தன. சாலையில் நடக்கும்போதே மல்லிகையை ஒத்த மணம் வந்தது. இந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த நாட்களில் மறுபடியும் கனத்த மழை வந்தால் மகரந்தம் கரைந்து காய்ப்பிடிப்பு குறையும். ஆனால் அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வராவிட்டால் பிடித்த பிஞ்சும் நிற்காது. ஒரு சிறு தோட்டத்தின் மேஸ்திரி எனக்கு இதையெல்லாம் விளக்கிவிட்டு, கிணறும் தெளிப்பான்களும் உள்ள பெரிய தோட்டங்கள் பூ மழையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள முடியும் என்றும், தங்களைப் போன்றவர்கள் வானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் வீட்டில் கொடுத்த காபியில் பால் இல்லை, கருப்பட்டியும் சுக்கும் இருந்தன. பணம் கொடுக்க முயன்றபோது, "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குவாங்களா?" என்று அவர் மனைவி கடிந்துகொண்டார்.

ஏப்ரல் 25, ஏற்காடு – சேலம் மலைப்பாதை

பிற்பகலில் இறங்கும்போது சில்வர் ஓக் மரம் ஒன்று முறிந்து சாலையின் குறுக்கே கிடந்ததால் இரண்டு மணி நேரம் பேருந்து நின்றது. முதல் பத்து நிமிடம் காற்று, அடுத்த ஐந்து நிமிடம் பட்டாணி அளவு ஆலங்கட்டிகள், பிறகு மழை. பேருந்தின் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த ஓசையில் யார் பேசியதும் கேட்கவில்லை. குழந்தைகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்ட முயன்றபோது நடத்துநர் ஒவ்வோர் இருக்கையாக வந்து கண்ணாடிகளை இறக்கிவிட்டார். முன்னிருக்கைப் பெண்மணி தாம் ஊருக்கு வாங்கிய பலாச்சுளைப் பொட்டலத்தைப் பிரித்துப் பேருந்து முழுவதும் கொடுத்தனுப்பினார். மரத்தை அறுத்து அகற்ற வந்த நெடுஞ்சாலைத் துறைப் பணியாளர்கள் மழையில் நனைந்தபடியே வேலை செய்ததைப் பற்றி எழுதாமல் இந்த நாளை முடிக்க முடியாது. அவர்களுக்கு மழைச்சட்டை இல்லை. பெரிய மழைக்காலத்துக்கு முன்பாகத்தான் அவை வழங்கப்படும் என்று ஒருவர் சொன்னார். சித்திரை மழைக்கும் ஆண்டுதோறும் மரங்கள் விழுகின்றன.

ஏப்ரல் 26, பவானி

காவிரியில் நீர் குறைவு. மேட்டூர் அணை பாசனத்துக்காகத் திறக்கப்படுவது வழக்கப்படி ஜூன் 12 என்பதால், இந்த மாதங்களில் ஆற்றில் பாறைகள் வெளியே தெரிகின்றன. கூடுதுறையில் குளித்தவர்கள் இடுப்பளவு நீரில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. வேகவைத்த கிழங்கைப் பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயிலில் பரப்பி, இடையிடையே கிளறிவிட்டு, ஒடித்தால் படீரென்று சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும். பாதி காய்ந்த மஞ்சள் நனைந்தால் நிறம் மங்கிவிடும், பூஞ்சணம் பிடிக்கும், ஏலத்தில் விலை விழும். அதனால் ஊரார் அனைவரும் மழைக்கு ஏங்கும் சித்திரையில், இந்தக் களத்துக்காரர்கள் மட்டும் வெயில் நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். களத்துக்கு அடுத்த நிலத்திலேயே ஒருவர் உழவுக்காக மழையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மழையின் ஈரம் காயும் முன்பு உழுதுபோட்டால் களையும் புழுக்கூடும் வெயிலில் மடியும், அடுத்த மழை நிலத்துக்குள் இறங்கும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது அவர் வாயிலிருந்து இயல்பாக வந்தது. ஒரே வேலிக்கு இருபுறமும் நிற்கும் இந்த இருவருக்கும் நல்ல வானிலை என்பது ஒன்றல்ல.

களத்தின் சொந்தக்காரர் வீட்டில் மதிய உணவுக்கு உட்காரவைத்தார்கள். அரிசியும் பருப்பும் சாதம், நெய், கத்தரிக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர். "கொஞ்சம் போட்டுக்குங்க, வெயில்ல போறீங்க, வயிறு காயக் கூடாதுங்க" என்று மறுபடியும் மறுபடியும் பரிமாறினார்கள். கை கழுவி முடிப்பதற்குள் தென்மேற்கில் இடித்தது. பெண்கள் ஆறேழு பேர் படுதாக்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே வயதான ஒருவர், "போதும், எல்லாரும் உள்ள வாங்க" என்று உரத்துக் கூவினார். மின்னலைப் பார்த்ததும் அவர் வாய்க்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறார். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் நம்மையும் எட்டக்கூடிய தொலைவில் இருக்கிறது என்று பொருள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகே அவர் யாரையும் களத்துக்குள் விட்டார். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஆடு மேய்த்த பெண் ஒருவர் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றபோது மின்னல் தாக்கி இறந்துவிட்டாராம். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு ஊறியிருப்பதால், இந்தப் பெரியவரைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தாலும் பெரிய காரியம். படுதா போடாத மூலையில் நாலைந்து மூட்டை மஞ்சள் நனைந்துபோயிற்று. அதற்காக அவரை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, கரூர்

இந்தப் பயணத்தில் என்னை உண்மையாகவே களைப்படையச் செய்த ஊர் இதுதான். கோடை அறிக்கைகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குக் கரூர் பரமத்தி என்ற பெயர் பழக்கமானது. மாநிலத்தின் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் வரிசையில் பல நாட்களில் முதலிடம் அதற்குத்தான். கடற்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசி ஊரைக் குளிர்விக்கும் மேல்காற்று, தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் ஜூன் மாதத்தையொட்டித்தான் வலுப்பெறும். இடைப்பட்ட இந்த வாரங்களில் காற்றும் இல்லை, மேகமும் இல்லை. கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில்தான் தொடங்கும்; பஞ்சாங்கத்துக்கு முன்பே கரூரில் அது தொடங்கிவிட்டது.

காலை ஐந்தே கால் மணிக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் தார் போடும் வேலை தொடங்கியிருந்தது. பத்தரைக்குள் முடித்துவிட்டு, பிறகு மாலை நான்கரைக்குத்தான் வருவோம் என்று அந்தக் குழுவினர் கூறினார்கள். அந்த ஒப்பந்தக்காரர் இந்த நேரமாற்றத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை என்றும், வேறோர் இடத்தில் நண்பகலிலும் வேலை வாங்கியதால் தங்களில் ஒருவர் மயங்கி விழுந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் ஏற்றப்பட்டு மறுநாள்தான் எழுந்தார் என்றும் சொன்னார்கள். இட்லி நான்கு 40 ரூபாய்க்கு வாங்கித் தின்றுவிட்டு, தாங்கள் கொண்டுவந்த நீராகாரத்தை அவர்கள் குடித்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார்கள். பழைய சோற்று நீரில் உப்பும் மோரும் சேர்ந்த அந்தப் பானத்தை மிஞ்ச எந்தப் புட்டி நீராலும் முடியாது என்பது என் கருத்து.

பிற்பகலில் இங்கே 41 டிகிரியைத் தாண்டியதாக மாலைச் செய்தியில் சொன்னார்கள். ஆனால் வெப்ப அலை என்ற சொல் வரவில்லை. வராததற்குக் காரணம் இருக்கிறது: சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டியிருப்பது மட்டும் போதாது, அது அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கரூரின் இயல்பே இந்த வாரத்தில் 38 டிகிரியை ஒட்டி நிற்பதால், 41 என்பது இரண்டு மூன்று டிகிரி கூடுதல் என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. புள்ளிவிவரத்தின் நோக்கில் இதில் பிழை இல்லை. ஆயினும் உடல் இயல்பிலிருந்து விலகலைக் கணக்கிடுவதில்லை. 41 டிகிரியில் சுமை தூக்குபவருக்கு அது அந்த ஊருக்குப் பழகிய வெயில் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது. தமிழக அரசு 2024ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது நல்ல தொடக்கம். தார் போடும் தொழிலாளியின் வேலை நேரத்தை மாற்றுவதும் ஒப்பந்தக்காரரின் மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல் விதியாக வேண்டும்.

பகல் பதினொன்று முதல் நான்கு வரை நான் அறையைவிட்டு வெளியேறவில்லை. மாலையில் நுங்கு விற்ற பெரியவர் நான்கு சுளை 50 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஐந்தாவதாக ஒன்றை இலவசமாகச் சேர்த்தார். இரவு கரம் கடையில் தட்டுவடையை நொறுக்கிச் சட்டினி கலந்து தந்ததைப் பாதிக்கு மேல் உண்ண இயலவில்லை. வெப்பம் பசியைத் தின்றுவிடுகிறது. பத்து மணிக்குக் கிழக்கே, வெகு தொலைவில், ஓசையில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. ஈசானிய மூலையில் மின்னினால் மழை வரும் என்று விடுதிக் காவலர் நம்பிக்கையோடு சொன்னார். கரூருக்கு வரவில்லை.

ஏப்ரல் 28, தொட்டியம்

அந்த மழை இங்கே வந்திருக்கிறது.

குளித்தலையில் காவிரிப் பாலத்தைக் கடந்து முசிறி வழியாகத் தொட்டியத்துக்கு வரும்போதே சாலையின் இருபுறமும் அதன் அடையாளங்கள் தெரிந்தன. முதலில் பசுமை குலையாத வாழைத் தோட்டங்கள். பிறகு இலைகள் கிழிந்தவை. பிறகு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே திசையில் தலை சாய்த்துப் படுத்துக் கிடந்த வாழைகள். அதைத் தாண்டியதும் மறுபடியும் ஒன்றும் நேராத தோட்டங்கள். மழை 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருக்காது என்று தோட்டக்காரர்கள் கணித்தார்கள். அழிவைச் செய்தது மழைக்கு முன்பாக வந்த காற்று. இடிமேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் கீழேயுள்ள வறண்ட வெப்பக் காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனத்து, கொட்டுவதுபோல் இறங்கித் தரையில் மோதிப் பக்கவாட்டில் பாய்கிறது. தரையை ஒட்டிய காற்று எவ்வளவு சூடாகவும் வறண்டும் இருக்கிறதோ அவ்வளவு வேகம். கரூரில் என்னைப் படுக்கவைத்த அதே பகல்தான், சில மணி நேரத்தில், அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் இந்த வாழைகளைப் படுக்கவைத்திருக்கிறது.

பூவனும் ஏலரிசியும் ஏக்கருக்கு ஆயிரம் கன்றுக்குக் குறையாமல் வைத்திருக்கும் ஊர் இது. வாழையின் தண்டு மரமன்று. இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி நிற்பது. தார் இறங்கிய பிறகு தலைப்பாரம் கூடிவிடுவதால், சவுக்கு அல்லது மூங்கில் கழியை முட்டுக் கொடுக்காவிட்டால் பலத்த காற்றைத் தாங்காது. நான் பேசிய விவசாயி இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கிழக்குப் பாதிக்கு முட்டுக் கழி வாங்கப் பணம் இருந்தது, மேற்குப் பாதிக்கு இந்த வாரம் வாங்குவதாக இருந்தார். கிழக்கில் சாய்ந்தவை சில. மேற்கில் பாதிக்கு மேல் ஒடிந்துவிட்டன. அறுவடைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஒடிந்த தாரை யாரும் பழத்துக்கு வாங்க மாட்டார்கள். காய்க்கடைக்குத் தாருக்கு 40 ரூபாய் கேட்டார்களாம். நல்ல நிலையில் 300 ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கும். இலையாவது கட்டுக் கட்டி அனுப்பலாம் என்றால், காற்று அதையும் கிழித்துவிட்டது.

கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறை உதவியாளரும் காலையிலேயே வந்து எண்ணிப் போயிருந்தார்கள். அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்றார் அந்த விவசாயி. பேரிடர் நிவாரண விதிப்படி பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் இழப்பீடு; கிழக்குப் பாதியில் பெரும்பகுதி தப்பியிருந்தாலும் இரண்டு ஏக்கரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவைத் தொடும் என்று அவர் நம்புகிறார். அடுத்துள்ள நிலத்தின் சொந்தக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் விழுந்திருப்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. மேலும், நிவாரணம் வந்தால் அது பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகுமா, பயிர் வைத்த குத்தகைதாரருக்கு வருமா என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது. மாநில அளவில் பார்த்தால் நேற்றைய மழை ஓரிரு இடங்களில் பெய்த மிதமான மழை. செய்தியில் ஒரு வரிக்கு மேல் வராது. மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய சராசரி மழை சுமார் 125 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் இது வரவில் எழுதப்படும். இங்கே அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கொண்டுபோயிருக்கிறது. இடிமழை குறுகிய பட்டையாகத்தான் வரும் என்று தெரிந்த பிறகும், நிவாரணத்தைப் பரப்பளவின் பெருக்கத்தை வைத்தே நாம் எடைபோடுகிறோம் என்பதை எண்ணி வருந்துகிறேன்.

அவருடைய துணைவியார் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நிலையிலும் எனக்கு மோர் கொண்டுவரத் தோன்றியிருக்கிறதே என்று நான் தயங்கியதைப் பார்த்து, "குடிங்க, நீங்க குடிக்காட்டி மட்டும் வாழை எந்திரிச்சிடுமா?" என்றார். மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டிருந்தார்.

ஏப்ரல் 29, தொட்டியம்

காலையில் மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். ஒடிந்த மரங்களை அடியோடு வெட்டி, பக்கக் கன்றுகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மறுதாம்புப் பயிராக அதை வளர்த்தால் கன்றுச் செலவு மிச்சம். ஆனால் அடுத்த தாருக்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும், குத்தகையும் நீள வேண்டும். மேற்கு வரப்பில் நெருக்கமாக அகத்தி நட்டால் காற்றின் வேகம் சற்றுக் குறையும் என்று தோட்டக்கலை உதவியாளர் சொன்னதை இந்த ஆண்டு செய்துபார்க்கப் போவதாக விவசாயி கூறினார். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அகத்தி நடுவது இந்த ஊருக்குப் புதிதன்று.

கைப்பேசியில் அன்றைய மாவட்ட முன்னறிவிப்பைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். சேலம், நாமக்கல், கரூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகக் காற்றுடன், இடி மின்னலோடு மழை பெய்யக்கூடும் என்று இருந்தது. மஞ்சள் நிற எச்சரிக்கை. எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிற்பகலுக்கு மேல்தான் தெரியும் என்றேன். கடனுக்கு எடுத்துவந்த சவுக்குக் கழிகள் வண்டியில் இருந்தன. நின்றுகொண்டிருக்கும் மரங்களுக்காவது மூன்று மணிக்குள் முட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று மகனை அழைத்துக் கழிகளை இறக்கத் தொடங்கினார். பதினொரு மணி பேருந்தை விட்டுவிட்டு நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.